கோழிக்குச் சண்டை வேண்டாம், கிளிக்குக் கூண்டே வேண்டாம்

ஓசூர் லேஅவுட்டுகளில் நாலு நாட்டுக்கோழியால் சண்டை வருவதில்லை, ஈரமான எச்சத்தால்தான் வருகிறது. எச்சம் நனைந்தால் அமோனியா நெடி கிளம்பும், ஈ மொய்க்கும். கூண்டுத் தரையில் இரண்டு அங்குலம் தேங்காய் நார்க்கழிவு பரப்பி, தினமும் கிளறிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் வையுங்கள். கோழி சீய்த்துக் கவிழ்ப்பது அதைத்தான். தொல்லை தொடர்ந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152-ன்படி அதை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியர் உத்தரவிட முடியும்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இரண்டும் வீட்டில் கூடவே கூடாது; 1972 வன உயிரினச் சட்டம் தடுக்கிறது. சந்தையில் வாங்கியது என்பது பதிலாகாது. இறக்கை வெட்டிய கிளியைத் தயவுசெய்து திறந்துவிடாதீர்கள், பறக்க முடியாமல் பூனையிடம் சிக்கும். வனத்துறையிடம் கொடுங்கள்.

மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இக்வானா பல்லி, பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு வைத்திருப்போர், அதே சட்டத்தின் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வாங்கும்போதே ரசீதும் விற்றவரின் பதிவு விவரமும் கேளுங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜிக்கு இந்தப் பதிவு தேவையில்லை.