முதலமைச்சர் விளையாட்டு விருதுக்கு ஒரு பூப்பந்து ஆட்டக்காரியின் விண்ணப்பம்

பூப்பந்து ஆடுகிறேன் என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் இறகுப்பந்தைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய, 30 கிராமுக்கு மிகாத பந்தை ஐந்து பேர் ஓர் அணியாக நின்று அடிக்கும் ஆட்டம் இது என்று உறவினர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் விளக்கிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. ஒரு விருதுக்கான விண்ணப்பத்திலும் அதே விளக்கத்தை எழுத நேரும் என்று மட்டும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக வழங்கப்படும் முதலமைச்சரின் மாநில விளையாட்டு விருதைப் பற்றித்தான் சொல்கிறேன். சிறந்த வீரர்கள் இருவர், வீராங்கனைகள் இருவர், பயிற்றுநர்கள் இருவர், உடற்கல்வி ஆசிரியர்கள் அல்லது இயக்குநர்கள் இருவர் என்று தேர்ந்தெடுத்து, தலா 1 லட்சம் ரூபாயும் தங்கப் பதக்கமும் பாராட்டுப் பத்திரமும் தருவது இதன் நடைமுறை. வீராங்கனைகள் இருவர் என்றால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் இருவர் இல்லை; எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து இருவர். தடகளம், பளுதூக்குதல், சதுரங்கம், ஸ்குவாஷ், கபடி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் வரும் கோப்புகள் ஒரே மேசையில் அடுக்கப்படும்போது, நடுவில் எங்கோ என்னுடையதும் இருக்கும் என்ற நினைப்பே முதலில் எனக்குக் கூச்சத்தைத் தந்தது.

கூச்சத்தை உடைத்தவர் எங்கள் மாஸ்டர். "ஏம்மா, உன் மூணு வருஷக் கணக்கு இப்பதான் கூடி வந்திருக்கு. போட்டு வை. கிடைச்சாக் கிடைக்கு, இல்லாட்டி ஒரு கோப்பாவது ஒழுங்கா இருக்கும்" என்றார். கடந்த மூன்று ஆண்டுகளின் ஆட்டத்தைத்தான் இந்த விருதுக்குக் கணக்கில் கொள்வார்கள். மாநில அணிக்காக ஆடிய இரண்டு தேசியப் போட்டிகளும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஒன்றும் எனக்கு அந்தக் காலத்துக்குள் விழுந்திருந்தன. அதற்கு முன்பு பள்ளிப் பருவத்தில் வாங்கிய கோப்பைகளெல்லாம் அலமாரிக்கு மட்டுமே உரியவை.

சான்றிதழ்களை வீட்டுத் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான், மூன்று ஆண்டுகளில் நான் மூன்று பெயர்களில் ஆடியிருப்பது தெரிந்தது. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது. பல்கலைக்கழகச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுவதுமாக முன்னால் நின்றது. தேசியப் போட்டிச் சான்றிதழ் ஒன்றில் தலைப்பெழுத்தே கிடையாது, என் பெயரின் கடைசி எழுத்தும் வேறு. போட்டிக்கு ரயிலேறும் அவசரத்தில் பதிவுத் தாளை நானே நிரப்பிக் கொடுத்ததால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவதற்கு ஒரு முழு நாள் போனது. தட்டச்சு செய்துகொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, "மூணு பேரா ஆடுனதுக்கு மூணு மெடலு கேக்கலாம்லா" என்று சிரித்தார்.

படிவங்கள் விஷயத்தில் எனக்கு அலைச்சல் இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குப் படிவம் 3. வேறொரு வேலைக்காக இரண்டாவதையும் மூன்றாவதையும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அவற்றையும் நகலெடுத்துச் சேர்த்தேன்.

உண்மையான பாடு சாதனைச் சுருக்கம் எழுதியதில்தான். விண்ணப்பத்தோடு ஒரு தாளில் நம் ஆட்டத்தைப் பற்றி நாமே எழுதி இணைப்பது நல்லது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். முதலில் 19 வரிகளில், மாவட்டப் போட்டி முதல் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு 14 வரிகளை அடித்தார். மீதி ஐந்தைக் காட்டி, இதைப் படிப்பவர் நீச்சல்காரராக இருந்தால் அவருக்கு என்ன புரியும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது.

ஓட்டக்காரிக்கு அவள் ஓடிய நேரம் பேசும். பளு தூக்குபவளுக்குக் கிலோ பேசும். பூப்பந்தில், முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர் என்று நிற்கும் அமைப்பில், பின்வரிசையில் நிற்பவளுக்குப் பேசுவதற்கு எந்த எண்ணும் இல்லை. நான் திருப்பியடித்த பந்தில் எதிரணி திணறினால், அடுத்து வரும் பந்தில் முன்வரிசைக்காரி புள்ளியை முடிப்பாள்; ஆட்டத்தாளில் 35-க்கு 31 என்று அணிக்குத்தான் கணக்கு எழுதப்படும். பதக்கமோ மாற்று ஆட்டக்காரிகள் உட்பட அணியில் இருந்த அத்தனை பேருக்கும் ஒன்றுபோலவே கிடைக்கும். அப்படியிருக்க, அவர்களில் என்னை மட்டும் எதைக் கொண்டு பிரித்துக் காட்டுவது? அவர்கள் அளவுக்கு நான் நன்றாக ஆடினேன் என்பதுதான் உண்மை. அதை எழுதினால் விருது கிடைக்காது. அதற்கு மேல் எழுதினால் தோழிகளின் முகத்தில் விழிக்க முடியாது.

கடைசியில் பெருமைச் சொற்களை எல்லாம் விட்டுவிட்டு, சரிபார்க்கக்கூடியவற்றை மட்டும் எழுதினேன்: எந்தப் போட்டி, எத்தனை அணிகள் வந்தன, நாங்கள் யாரை எந்தச் சுற்றில் வென்றோம், எந்த ஆட்டங்களில் நான் தொடக்க ஐவரில் இருந்தேன், எந்தப் போட்டியில் அணித் தலைவியாக இருந்தேன். மேலே இரண்டே வரிகளில் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன்: ஆடுகளம் 24 மீட்டருக்கு 12 மீட்டர், பந்து கம்பளியால் ஆனது, இது இறகுப்பந்து அன்று. வாரங்கல்லைச் சேர்ந்த பிச்சய்யா 1970-ஆம் ஆண்டிலேயே பூப்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர் என்பதையும், கேரம் ஆட்டத்துக்காகச் சென்னையின் மரிய இருதயம் 1996-இல் அதே விருதைப் பெற்றார் என்பதையும் ஆசையோடு சேர்த்திருந்தேன். ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களும் மதிக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டத்தான். எங்கள் பள்ளி உடற்கல்வி டீச்சர் அந்த வரியில் பென்சிலால் கோடிழுத்து, "அவங்க வாங்குனது அவங்களுக்கு. உன் தாள்ல உன்னைப் பத்தி எழுது" என்று சொல்லிவிட்டார். இன்றுவரை அந்த வரியை நீக்கியதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

சான்றொப்பம் வாங்கிய நகல்களை வரிசைப்படி அடுக்கி, உறையின் மேல் விருதின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னதாக அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே தாள்களைப் புரட்டிப் பார்த்த அம்மா ஒருவர், நான் பத்துத் தடவை பார்த்தும் கவனிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தார். கல்லூரி கொடுத்திருந்த நன்னடத்தை மற்றும் விளையாட்டுச் சான்றிதழில் என் ஆட்டம் வெறுமனே 'பேட்மிண்டன்' என்று இருந்தது. மற்றவற்றில் 'பால் பேட்மிண்டன்'. "ரெண்டும் வேற வேற ஆட்டமாச்சே கண்ணு, இத அப்படியே அனுப்புனா ஒன்னு கணக்குல வராதே" என்றார். அன்று மதியமே கல்லூரிக்கு ஓடி, திருத்திய சான்றிதழ் வாங்கி, மறுநாள் காலையில் திரும்பக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் முத்திரை வாங்கிய பிறகுதான் சாப்பிட்டேன். அந்த அம்மா கவனிக்காமல் விட்டிருந்தால் என் கோப்பில் பாதி இறகுப்பந்தாகப் போயிருக்கும்.

விருது எனக்குக் கிடைக்கவில்லை. செய்தித்தாளில் பெயர்களைப் படித்தேன். ஆசிய அளவில் பதக்கம் வாங்கியவர் ஒருவர் அதில் இருந்தார், அவரோடு என்னை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள எனக்கே தோன்றவில்லை. இரண்டு நாள் பயிற்சிக்குப் போகாமல் இருந்தேன், மூன்றாம் நாள் போனேன். அடுத்த முறை விண்ணப்பம் கேட்கும்போது என் முதல் தேசியப் பதக்கம் மூன்று ஆண்டுக்கு அப்பால் போயிருக்கும். அதற்கு ஈடாக இன்னொன்று வர வேண்டும்.

மாஸ்டர் சொன்னதுபோல் கோப்பு மட்டும் ஒழுங்காக இருக்கிறது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்தபோது அதிலிருந்து ஒரு தாளைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. போன வாரம் எங்கள் அணியின் நடு ஆட்டக்காரி வந்து, உறுதிமொழிப் பத்திரத்தின் மாதிரி வேண்டும் என்று நகலெடுத்துப் போனாள். அவள் பெயர் இரண்டு விதமாகத்தான் இருக்கிறதாம்.