விளிம்பைப் பாருங்கள்

என் தங்கை மியூனிக் வந்திருந்தாள். தியாத்தினர் தேவாலயத்துக்குள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, நேத்து பார்த்த அமாலியன்புர்க்கும் இப்படித்தானே இருந்துச்சு?" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே அவளை அமாலியன்புர்க் இருக்கும் நிம்ஃபன்புர்க் அரண்மனைத் தோட்டத்துக்கு மறுபடி கூட்டிப்போனேன்.

தியாத்தினர், பரோக் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி. 1662-இல் பவேரியாவின் பட்டத்து வாரிசு பிறந்ததற்கு நேர்த்திக்கடனாக, அடுத்த ஆண்டு தொடங்கிய கோயில் அது. உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சுதை: இலை, பூ, குழந்தை உருவங்கள். ஆனாலும் தூண் தூணாகவே நிற்கிறது. அதன் தலைக்கு மேல் தடித்த விளிம்புப் பட்டை நேராக ஓடுகிறது. அதுவரை சுவர், அதற்கு மேல் கூரை. இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருக்கும். கண் தானாகவே பீடத்துக்குப் போய்விடும்.

அமாலியன்புர்க், பரோக்குக்குப் பின் வந்த ரொக்கோக்கோ பாணி. பவேரியாவை ஆண்ட கார்ல் ஆல்பிரெக்ட் தன் மனைவி மரியா அமாலியாவுக்காக 1734 முதல் 1739 வரை கட்டிய சின்ன வேட்டை மாளிகை, வடிவமைத்தவர் குவில்யே. நடுவில் வட்டமான கண்ணாடிக் கூடம். வெளிர்நீலச் சுவரில் வெள்ளிச் சுதை.

"விளிம்பை மட்டும் பாரு" என்றேன். அலை அலையாக நெளிகிறது. அதன் மேலேயே செடியும் மரமும் முளைத்திருக்கின்றன. பறவைகள் அங்கிருந்து கூரைக்குப் பறக்கின்றன. சுவர் எங்கே முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கிளிஞ்சல் வளைவை அவளுக்குக் காட்டினேன். ஒரு பக்கம் உயர்ந்து எழுகிறது, மறுபக்கம் சின்னதாகச் சுருண்டு நின்றுவிடுகிறது. பாறையும் கிளிஞ்சலும் பதித்த அலங்காரத்துக்கு பிரெஞ்சில் 'ரொக்காய்' என்று பெயர். ரொக்கோக்கோ என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அவள் உள்ளங்கையால் பாதியை மறைத்துப் பார்த்தாள். மீதிப் பாதியை ஊகிக்க முடியவில்லை.

ரொக்கோக்கோ என்றால் பரோக்கில் இன்னும் கொஞ்சம் அலங்காரம் கூட்டியது என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே கூடியது அலங்காரம் அல்ல, குறைந்தது கனம். அரண்மனைக்கு மட்டுமே ஏற்ற பாணி என்பதும் சரியில்லை. இந்தக் கூடத்தில் சுதை வேலை செய்த யோஹான் பாப்டிஸ்ட் ஸிம்மர்மான்தான் பிறகு வீஸ் யாத்திரைக் கோயிலின் கூரையையும் தீட்டினார்.

திரும்பும்போது தியாத்தினர் வாசலில் மறுபடி நின்றோம். உள்ளே பரோக்காக முடிந்த அந்தக் கோயிலின் முகப்பு மட்டும் பல பத்தாண்டுகள் அரைகுறையாகக் கிடந்தது. 1760-களில் அதற்கு உருவம் கொடுத்தவர் அதே குவில்யேதான். அவர் இறந்த பிறகு மகன் முடித்துவைத்தார். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கை சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தலையைத் தூக்கி விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.