கடை கொடுத்த எம்பி4: பழைய டேப்புகளை இரண்டு முறை மாற்றிய கதை

பதினொரு விஎச்எஸ் டேப், நான்கு மினிடிவி (சிறிய டிஜிட்டல் கேமரா டேப்). கடையில் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, எல்லாம் ஒரே தம்ப்டிரைவில் எம்பி4 கோப்புகளாக வந்தன. கல்யாண வீடியோ பார்க்கும்படி இருந்தது. தைப்பூச டேப்பைப் போட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. காவடி சுழலும் இடத்திலெல்லாம் விளிம்புகள் சீப்புப் பல் போலப் பிளந்து கிடந்தன. கேமரா திரும்பினால் படம் திக்கித் திக்கி நகர்ந்தது.

கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால் காரணம் அப்பட்டம்: 640×480, நொடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்). சிங்கப்பூரில் பதிவான டேப்புகள் பால் (PAL) எனும் வீடியோ முறை. 576 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் 1/50 நொடி தள்ளி அடுத்த கணம். ஃபீல்டு எனப்படும் இந்த இரண்டு பாதிகளையும் பிரிக்காமல் 480க்குச் சுருக்கினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்புறம் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. இல்லாத 5 ஃபிரேமுக்காக இருப்பதையே திரும்பத் திரும்பக் காட்டியதுதான் அந்தத் திக்கல். கேட்டதற்கு, “எல்லாருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம்” என்றார்கள். அது உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

மினிடிவியில் நடந்தது அதைவிட வயிற்றெரிச்சல். அந்த டேப்பில் இருப்பதே டிஜிட்டல். ஃபயர்வயர் எனும் டிஜிட்டல் கம்பியில் அப்படியே நகலெடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, ஒரு பிட் கூட மாறாது. கடையிலோ அதை மஞ்சள் அனலாக் கம்பி வழியாக ஓட்டிப் பிடித்திருக்கிறார்கள். ஃபயர்வயர் துளை உள்ள பழைய மடிக்கணினி கிடைத்ததும் இந்த நான்கும் ஒரே நாளில் முடிந்தன.

விஎச்எஸ்தான் இழுத்தது. டேப்பின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் டைம்பேஸ் கரெக்டர் நடுவில் இல்லாவிட்டால் ஃபிரேம் உதிரும், ஒலி மெல்ல விலகிப்போகும். சுருக்காமல் 4:2:2 எனும் நிறப் பதிவு முறையில் பிடித்தால் மணிக்கு 75 ஜிபி. அதையே எஃப்எஃப்வி1 (இழப்பில்லாமல் சுருக்கும் முறை) ஆக்கி எம்கேவி கோப்பில் வைத்தால், டேப்பின் இரைச்சலைப் பொறுத்து 25 முதல் 35 ஜிபி. தரத்தில் இழப்பு எதுவும் இல்லை. எஃப்எஃப்வி1இன் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்து, ஜிஓபி 1 (ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும்), ஸ்லைஸ் சிஆர்சி (ஃபிரேமின் பகுதிகளுக்குச் சரிபார்ப்பு எண்) இரண்டையும் போடுங்கள்: பின்னாளில் வட்டு கெட்டால் எந்த ஃபிரேம் பழுது என்று கோப்பே சொல்லும். இதன் வரையறை 2021இல் ஆர்எஃப்சி 9043 எனும் இணையத் தர ஆவணமாகப் பொதுவில் வந்துவிட்டது, எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் (சுருக்காத ஒலி). ஃபீல்டுகளை இந்த மூலப்பிரதியில் தொடவே கூடாது.

வீட்டில் பார்க்கத் தனிப்பிரதி: ஃபீல்டுகளைப் பிரிக்கும் பிடபிள்யூடிஃப் (bwdif) வடிகட்டியில் நொடிக்கு 50 ஃபிரேமாகப் பிரித்து, 768×576, எச்.264. ஃபீல்டு வரிசையைக் கவனியுங்கள். மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில், கேப்சர் கார்டில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு. மாறிப்போனால் நடப்பவர் முன்னே ஓரடி, பின்னே ஓரடி வைப்பார்.

இரண்டு டேப்பின் கண்ணாடி வழியே வெள்ளைத் தூள் தெரிந்தது. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் தாவும். அந்த இரண்டும் இன்னும் டிரைபாக்ஸில் (ஈரம் புகாத பெட்டி) காத்திருக்கின்றன.

காவடி இப்போது வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. கடைக்குக் கொடுத்த 330 வெள்ளி போனது போனதுதான்.