மாமல்லபுரம் போகும் பேருந்து

ஜனவரி 2, 2025, வியாழன்

எங்கள் மாநாட்டுக்கு ஒசாகாவிலிருந்து வரும் இயன்முறை மருத்துவரின் பெயருக்கு எதிரே ‘முழுப் பார்வையின்மை, உடன் ஒருவர் வருவார்’ என்று குறித்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். பிரதிநிதிகளுக்காக மூன்று மாதமாக நான் தயாரித்த மாமல்லபுரச் சுற்றுலாத் திட்டத்தை எடுத்து மறுபடி படித்தேன். ‘காண்போம்’, ‘பார்வையிடுவோம்’ என்பவற்றைத் தவிர வேறு வினைச்சொல்லே அதில் இல்லை.

ஜனவரி 3

வழியில் பார்க்கவிருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அச்சிட்ட நிரலில் நாம் போட்டிருப்பதோ செவ்வாய். புதனுக்கு மாற்றியாயிற்று.

ஜனவரி 4

இரவு முழுவதும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமான அர்ச்சுனன் தபசுதான் மனத்தில் நின்றது. அந்தப் பெரும் பாறையைக் கம்பி வேலிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். தவம் செய்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்ற விவாதத்தை வழிகாட்டி விரிவாகச் சொல்லிவிடுவார். ஆனால் எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகளையும், ஒற்றைக் காலில் நிற்கும் அந்த உடலையும், கீழே கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், வாழ்நாள் முழுவதும் விரல்களாலேயே உடலை அறிந்துவந்த ஒருவருக்கு வெறும் சொல்லால் கொடுப்பது அவருக்குக் குறைவாகப் படைப்பதாகும். தொடக்கூடிய கல் மாமல்லபுரத்தில் ஓரிடத்தில் உண்டு. சாலையோரச் சிற்பப் பட்டறைகளில் இன்றும் உளிச் சத்தம் ஓயவில்லை. அந்த வேலைப்பாட்டுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு ஸ்தபதியிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 5

“கூட்டிட்டு வாங்கம்மா, நாங்களே தொட்டுப் பார்த்துத்தானே வேலை செய்யறோம்” என்றார்.

ஜனவரி 6

வரவேற்பு விருந்தில் ஒசாகா மருத்துவருக்கு அருகில் அமர்ந்தேன். இலையின் நுனி எப்போதும் இடப்பக்கம் இருக்கும், உப்பும் ஊறுகாயும் மேலே இடது ஓரத்தில், சோறு நடுவில் என்று ஒரு முறை சொன்னதே போதுமானதாக இருந்தது. அதன்பின் அவர் கை எங்கும் தடுமாறவில்லை. பார்வையற்றோர் பள்ளிகளில் மருத்துவத் தடவுதலைத் தொழிலாகக் கற்பிப்பது ஜப்பானில் நெடுநாள் மரபு என்றும், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற மருத்துவரே குழாய் வழியாக அக்குபங்சர் ஊசி செலுத்தும் முறையைப் பரப்பினார் என்றும் சொன்னார். நம் இலைபோடும் முறை பார்வையற்றவருக்கு ஒரு வரைபடம் என்று இத்தனை வயதில் இன்றுதான் எனக்குத் தோன்றியது.

ஜனவரி 7

மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு 600 ரூபாய், இலங்கை, நேபாளப் பிரதிநிதிகளுக்கு மட்டும் நம்மைப் போலவே 40. நாளை வாசலில் குழப்பம் வராதிருக்க இரண்டு உறைகளில் பிரித்து வைத்தேன். பட்டறைக்கு அரை மணி நேரம் போதுமா என்ற கவலை மட்டும் போகவில்லை.

ஜனவரி 8, புதன்

போதவில்லை.

தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டுத் தூணை இரு கைகளாலும் அணைத்து நின்றார். கடற்கரைக் கோயிலில் அவர் நெடுநேரம் அலையோசையைக் கேட்டார். நான் குறுக்கே பேசவில்லை. பட்டறையில் பாதி செதுக்கிய ஒரு பெண் உருவத்தின் பின்கழுத்தில் தொடங்கிய விரல்கள் முதுகெலும்பின் வழியே இறங்கி இடுப்பில் நின்றன. பாரம் முழுவதும் ஒரே காலில் இருக்கிறது, மற்ற முழங்கால் தளர்ந்திருக்கிறது என்று உடன் வந்தவர் வழியாகச் சொன்னார். ஸ்தபதி ஒரு கணம் பேசாதிருந்துவிட்டு, கழுத்து, இடை, முழங்கால் என மூன்று இடத்தில் வளைவதால் இதற்குத் திரிபங்கம் என்று பெயர் என்றார். பிறகு தூக்குநூலை எடுத்து, உருவத்தின் நடுவே விழும் பிரம்ம சூத்திரம் என்ற செங்குத்துக் கோடு எங்கே கடக்கிறது என்பதை அவர் விரலைப் பிடித்து நூலின்மேல் வைத்துக் காட்டினார். முகத்தின் நீளம் ஒரு தாலம், அதுவே சிற்பத்தின் அளவுகோல் என்றதும் மருத்துவர் சாணால் முகத்தை அளந்து, அதே அளவை உடல் நெடுக இறக்கிக்கொண்டே போனார்.

பேருந்து முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. ஏனைய பிரதிநிதிகளிடம் மன்னிப்புக் கேட்டேன். குழுத் தலைவர் கோபமாகப் பேசினார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை நிரலைப் பட்டறையிலிருந்துதான் எழுதத் தொடங்குவேன்.

ஜனவரி 9

அவருக்கு விமானம் இரவில். அந்த உருவத்தின் கைகளை இன்னும் தொடவில்லை என்று காலையில் சொல்லி அனுப்பியிருக்கிறார். பட்டறை எட்டு மணிக்குத் திறக்கும். வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.