மோலோகாய்: புள்ளிமானும் மீன்குளமும்

வேலூரில், பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மோலோகாயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் தொழுநோயை ஒட்டியே கேள்விப்பட்டிருப்பார்கள். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பக்கம் இது என்பதால் அதில் வியப்பில்லை. ஹவாய் அரசு 1866 முதல் நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அந்தத் தீவின் கலாவுபாப்பா என்ற ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பியது. 1873இல் அங்கே சென்று அவர்களோடு வாழ்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் தமியான், அதே நோய்க்கு ஆளாகி 1889இல் இறந்தார். ஏறத்தாழ 8,000 பேரை அங்கே கொண்டுசேர்த்த அந்தச் சட்டம் 1969 வரை நீடித்தது. மறக்கக் கூடாத வரலாறுதான்; ஆனால் அதோடு நின்றுவிட்டால், அத்தீவின் ஏழாயிரத்துச் சொச்சம் மக்கள் இன்று எதைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

மோலோகாய் சுமார் 60 கிலோமீட்டர் நீளமும் 16 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. வடகரையில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கடற்பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. கிழக்கு மலைகளில் நல்ல மழை; மேற்குப் பகுதி வறண்டது. தென்கரையில் ஆழமற்ற கடலும் நெடுந்தொலைவுக்குப் பவளத்திட்டும் இருப்பதால், ஹவாய் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே மீன்குளங்கள் அமைத்தார்கள்.

கரையிலிருந்து புறப்பட்டு அரைவட்டமாகக் கடலுக்குள் சென்று மறுபடியும் கரையைத் தொடும் கற்சுவர்தான் அந்தக் குளத்தின் கரை. சுவரின் இடையிடையே, குச்சிகளை நெருக்கமாக நட்டு அடைத்த மதகுகள் உண்டு. மடவைக் குஞ்சுகளும் பால்மீன் குஞ்சுகளும் அந்த இடுக்குகளின் வழியே உள்ளே நுழைந்து, பாசியைத் தின்று கொழுத்தபின் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். ஓதம் ஏறும்போது புதுநீரை நாடி அவை மதகருகே திரள்வதால், வேண்டிய அளவு மட்டும் வலையில் அள்ளிக்கொள்ளலாம். நம் வட ஆற்காட்டு ஏரிகளைப் போலவே, ஊர் கூடிக் கரையைப் பேணினால்தான் இக்குளமும் நிலைக்கும். தூர் சேர்ந்தால் அழியும்.

அந்தத் தூர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான் நம் புள்ளிமானைச் சந்தித்தேன். வேலூர் அருகே அமிர்தி விலங்குப் பூங்காவில் பிள்ளைகளுக்கு நாம் காட்டி மகிழும் அதே மான், 1868இல் ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்குப் பரிசாக ஹாங்காங்கிலிருந்து கப்பலில் வந்து மோலோகாயில் விடப்பட்டது. நம் காடுகளில் அதை அடித்துத் தின்னச் சிறுத்தையும் செந்நாயும் உண்டு. அங்கே அப்படி எந்த வேட்டை விலங்கும் இல்லை. ஆகவே மந்தை பெருகிச் செடிகொடிகளை மேய்ந்து தீர்க்க, ஆடுமாடுகளும் சேர்ந்து வெறுமையாக்கிய சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து பவளத்திட்டின் மீது படிகிறது. கரையில் குவிந்த சேற்றைப் பிடித்து நிறுத்துவதற்காக 1902இல் ஒரு சர்க்கரை நிறுவனம் அலையாத்தி மரங்களைக் கொண்டுவந்து நட்டது. பிச்சாவரத்தில் நாம் போற்றிக் காக்கும் அந்த இன மரம், அங்கே பழைய குளங்களுக்குள் வேர்விட்டுச் சுவர்களைப் பெயர்த்தது. இன்று இளைஞர்கள் அம்மரங்களை வெட்டி அகற்றி, சரிந்த கற்களை மறுபடி அடுக்கி வருகிறார்கள்.

அன்னாசித் தோட்டங்களை நடத்திய பெருநிறுவனங்கள் போய்விட்டன. தீவின் பெரும் நிலவுடைமையான மோலோகாய் பண்ணை, கடலோர வீட்டுமனைத் திட்டத்தை ஊரார் கடுமையாக எதிர்த்த பின், 2008இல் தன் விடுதி முதலிய தொழில்களை மூடியதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அது சிறிய இழப்பல்ல. இருந்தும், தீவைச் சுற்றுலாவுக்கு முழுமையாகத் திறந்துவிடப் பெரும்பாலோர் இசையவில்லை. அந்தப் பிடிவாதம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். கடலில் மீனும், வயலில் சேப்பங்கிழங்கும், மலையில் வேட்டையும் கிடைக்கும்வரை கூலி குறைந்தாலும் அடுப்பு எரியும் என்பது அவர்கள் கணக்கு. மண்ணைக் கரைக்கும் அதே மானின் இறைச்சிதான் பல வீடுகளின் அன்றாட உணவு என்பதால், அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அங்கே எளிதில் யாரும் சொல்வதில்லை. காட்டின் மேற்பகுதிக்கு வேலியிட்டு, கீழே வேட்டையாடி எண்ணிக்கையைக் குறைப்பதே இப்போதைக்கு நடைமுறையில் உள்ள வழி.