திங்களூரில் தொடங்கிய கிரகண நாள்

சந்திர கிரகணத்தன்று சந்திரன் தலத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. 2025 செப்டம்பர் 7, ஆவணிப் பௌர்ணமி. கிரகண நாளில் முன்கூட்டியே நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையிலேயே திருவையாற்றிலிருந்து கிளம்பித் திங்களூர் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விட்டோம்.

சுவாமி, பெரியநாயகி தரிசனம் ஆயிற்று. சந்திரனுக்கு வெள்ளை வஸ்திரம் சாத்தி அர்ச்சனை செய்தோம். அதற்குப் பிறகு நான் நகர முடியாமல் நின்றது அப்பூதியடிகள் திருமுன்தான். நேரில் பார்த்தறியாத அப்பரின் பெயரைத் தண்ணீர்ப் பந்தலுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் வைத்தவர். அந்த அப்பரே அமுதுண்ண வந்த நாளில், வாழைக் குருத்து அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டிவிட்டது. அடியாருக்குத் தெரியாமல் பிள்ளையின் உடலை மறைத்து வைத்துவிட்டு இலை போட்டார்களாம். அப்பர் அறிந்துகொண்டு பாடிய பதிகம்தான் ‘ஒன்றுகொலாம்’. அதன் இரண்டாம் அடியிலேயே ‘உயரும்மதி சூடுவர்’ என்று நிலவு வந்துவிடுகிறது. பிள்ளை தூங்கி விழித்தவன் போல எழுந்தான்.

திங்களின் பெயர் கொண்ட ஊரில் பாம்பு தீண்டியதும், மதி சூடியவனைப் பாடி விஷம் இறங்கியதும் அன்றைக்கு என்னை என்னவோ செய்தது. சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். கிரகண நாளில் கேட்டதில்லை.

இரவு திருவையாற்றில், தங்கியிருந்த வீட்டு மொட்டை மாடி. 9.57க்கு ஓரத்தில் கறுப்பு ஏறியது. 11 மணி தாண்டியதும் முழுவதும் மூடி, நிலவு பழைய செம்புச் சொம்பின் நிறத்துக்கு வந்தது. பூமியின் நிழலுக்குள் போனாலும், நம் காற்று மண்டலம் வளைத்து அனுப்பும் சிவந்த ஒளி அதன்மேல் விழுகிறது. பூமியின் நிழல்தான் நிலவை மறைக்கிறது என்று 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். அவருக்கும் முந்தைய குறுந்தொகையில் ஒரு பெண், ‘அரவு நுங்கு மதியினுக்கு இவணோர் போல’ என்கிறாள். பாம்பு விழுங்கும் நிலவை இங்கிருப்பவர்கள் மீட்க முடியாதது போலத் தன் துயரையும் யாராலும் களைய முடியவில்லையாம். தெருவிளக்கு இல்லாத ஊரில், எப்போது விடும் என்று தெரியாமல் அண்ணாந்து நின்ற அந்தச் சனங்களை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. எனக்குக் கையில் நேரக் கணக்கு இருந்தது. அவர்களுக்கு வேண்டுதல் மட்டும்தான் இருந்திருக்கும்.

82 நிமிடம் அந்தச் சிவப்பு. அம்மா கண் இமைக்காமல் ‘ஒன்றுகொலாம்’ சொல்லிக்கொண்டே இருந்தாள். 12.22க்கு ஓரத்தில் வெள்ளிக் கீற்று எட்டிப் பார்த்ததும், “விட ஆரம்பிச்சிருச்சுப்பா” என்று என் கையைப் பிடித்தாள்.

முழுவதும் விட்டபோது மணி 1.26. புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கினோம். காவிரி நீர் குளிர்ந்து கிடந்தது. அம்மா மூன்று முறை முழுகி எழுந்து, ஈரத்தோடு மேலே பார்த்துக் கும்பிட்டாள்.