சோலாருக்கு முன்னால் செய்ய வேண்டியது: சிறு தொழிற்கூடங்களில் கார்பன் குறைப்பின் முதல் ஆண்டு

சிறு தொழிற்கூடங்களுக்குக் கார்பன் கணக்கு போட்டுக் கொடுத்து, உமிழ்வைக் குறைக்க உடன் நிற்பது எங்கள் வேலை. பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி உமிழ்வு எவ்வளவு என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பிய பிறகுதான் முதலாளி எங்களைக் கூப்பிடுவார். முதல் கேள்வி, “கூரையில் சோலார் போட்டால் போதுமா?” சோலார் நல்லதுதான், போட வேண்டியதும்தான். ஆனால் வீணாகும் மின்சாரத்தைக் குறைக்காமல் போட்டால், வீணுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குகிறீர்கள். அதனால் முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள் என்பதே நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை.

12 மாத பில்களைச் சேர்ப்பதில் வேலை தொடங்குகிறது. கரண்ட் பில், டீசல் ரசீது, காஸ் ரசீது, ஏசி மற்றும் குளிர் அறைக்கான சர்வீஸ் பில். கேட்க எளிது, பாதித் தவறுகள் நடப்பது இங்கேதான். பில்லில் kVAh, kWh என்று இரண்டு எண் இருந்தால் kWh-ஐ, அதாவது யூனிட்டை, எடுங்கள். மீட்டர் பார்க்காமல் சராசரி போட்ட மாதம் இருந்தால், அடுத்த மாதப் பில்லோடு சேர்த்துப் பாருங்கள். காஸ் சிலிண்டரில் காலி உருளையின் எடையைக் கூட்டிவிடாதீர்கள். டீசலை ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் ஒரே ரசீதில் வாங்கியிருப்பார்கள். அதையே இரண்டு இடத்தில் எழுதியிருப்பார்கள். வாங்கிய டீசல் வேறு, எரித்த டீசல் வேறு. ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும் டேங்க் இருப்பைக் குறித்தால்தான் சரியான கணக்கு வரும்.

எந்த ஆண்டை அடிப்படையாக எடுப்பது? ஆலை வழக்கம்போல ஓடிய ஆண்டை. பாதி நாள் மூடிக் கிடந்த ஆண்டை எடுத்தால், அதற்குப் பிறகு என்ன செய்தாலும் உமிழ்வு ஏறியதாகவே தெரியும்.

கணக்கு போடும் முறைக்கு, ஜிஎச்ஜி (பசுமை இல்ல வாயு) புரோட்டோகால் என்ற வழிகாட்டியைத்தான் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். 2001-இல் வந்து 2004-இல் திருத்தப்பட்டது. நம் வளாகத்திலும் நம் வண்டியிலும் எரிவதும் கசிவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மூலப்பொருள், சரக்குப் போக்குவரத்து போன்ற மற்றவை ஸ்கோப் 3. முதல் ஆண்டில் முதல் இரண்டையும் முழுசாக முடியுங்கள். ஸ்கோப் 3-இல் 15 வகைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொட்டவர்கள் பாதியில் விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறோம். அதிக எடையில் வாங்கும் மூலப்பொருள் ஒன்றை மட்டும் கிலோ கணக்கில் குறித்து வைத்தால், தொடக்கத்துக்கு அது போதும்.

பெருக்கல் கணக்குதான் மிச்சம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு, ஒரு கிலோ எல்பிஜிக்கு ஏறக்குறைய 3 கிலோ. மின்சாரத்துக்கான எண் நாட்டுக்கு நாடு மாறும். நிலக்கரியை நம்பிய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கும், நீர்மின்சாரம் மிகுந்த இடத்தில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். உங்கள் நாட்டு அரசு வெளியிடும் எண்ணை எடுத்து, அது எந்த ஆண்டுக்கானது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால், குறைந்தது உங்கள் உழைப்பாலா மின்கட்டமைப்பு மாறியதாலா என்று அடுத்த ஆண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று, குளிரூட்டி காஸ். குளிர் அறைகளில் இருக்கும் ஆர்-404ஏ ஒரு கிலோ வெளியேறினால், அது சுமார் 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மெக்கானிக் ஆண்டில் 5 கிலோ “டாப்-அப்” செய்திருந்தால், அந்த 5 கிலோ காற்றில் போய்விட்டது என்று பொருள். கணக்கில் அது 19.5 டன், அதாவது 7,000 லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். சர்வீஸ் பில்லில் “காஸ் சார்ஜிங்” என்று ஒரே வரி இருக்கும், எத்தனை கிலோ என்று இருக்காது. காஸின் பெயரையும் எடையையும் எழுதாத பில்லை வாங்காதீர்கள். கசிவை அடைக்காமல் காஸ் ஏற்ற வரும் மெக்கானிக்கை முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கணக்கு கைக்கு வந்ததும் நாங்கள் பகலில் சுற்றிப் பார்ப்பதில்லை. ஆலையை மூடும்போது மெயின் மீட்டரைப் படமெடுத்து, மறுநாள் திறக்கும்போது இன்னொரு படம் எடுக்கச் சொல்வோம். ஓர் உதாரணம்: ஆண்டுக்கு 1,20,000 யூனிட் ஓடும் பட்டறை. இரவு 12 மணி நேரத்தில் 108 யூனிட் ஓடியிருந்தால், யாரும் இல்லாத நேரத்தில் 9 கிலோவாட் எரிகிறது. 300 இரவுக்கு 32,400 யூனிட், மொத்தத்தில் கால் பங்குக்கும் மேல். அந்த 9 கிலோவாட் எங்கே போகிறது என்று பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிர் அறை போல அணைக்கக் கூடாதவற்றை முதலில் ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள். பெரும்பாலும் சிக்குவது ஏர் கம்ப்ரஸர்.

கம்ப்ரஸரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு குறைவாகவும் பலன் விரைவாகவும் கிடைக்கும் இடம் இதுதான். லோடு-அன்லோடு முறையில் (பிரஷர் இறங்கினால் காற்றை அழுத்தி, நிரம்பியதும் சும்மா சுற்றி) ஓடும் கம்ப்ரஸராக இருந்தால் ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். வேலை நின்ற பிறகு, லைன் வால்வுகளைத் திறந்தே வைத்து, கம்ப்ரஸரை ஓட விடுங்கள். காற்றை யாரும் எடுக்கவில்லை. இருந்தும் பிரஷர் இறங்கி அது மறுபடி லோடு ஆனால், அத்தனையும் கசிவு. லோடில் ஓடிய நொடிகளையும் அன்லோடில் ஓடிய நொடிகளையும் ஐந்து சுற்றுக்குக் குறித்து சராசரி எடுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம். 90 நொடி லோடு, 210 நொடி அன்லோடு என்றால் 30 சதவீதம். கவனிக்காத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் சாதாரணம்; 10-க்குக் கீழே கொண்டுவர முடியும்.

அந்த அமைதியில் நடந்தாலே சீறல் கேட்கும். ஹோஸ் கப்ளிங், ஃபில்டர்-ரெகுலேட்டர் பவுல், ஆட்டோ டிரெய்ன், திரெட் ஜாயிண்ட், பழைய சிலிண்டர் சீல் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; குமிழி வரும் இடத்தில் எண் போட்ட டேக் கட்டுங்கள். 7 பார் பிரஷரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே சுமார் 3 கிலோவாட்டைத் தின்றுவிடும்.

இங்கே ஒரு சறுக்கல் உண்டு. எல்லாக் கசிவையும் அடைத்த பிறகும் பில் எதிர்பார்த்த அளவு இறங்காது. கம்ப்ரஸர் அன்லோடில் சும்மா சுற்றும்போதும் முழு லோடு மின்சாரத்தில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரை எடுக்கும். கசிவு குறைந்தால் அது அதிக நேரம் சும்மா சுற்றும், அவ்வளவுதான். ஆட்டோ-ஸ்டாப் டைமரைச் சரிசெய்வது, இரண்டு கம்ப்ரஸர் இருந்தால் ஒன்றை நிறுத்துவது, சிறியதை ஓட்டுவது, இவற்றில் ஒன்றைச் செய்தால்தான் சேமிப்பு மீட்டரில் தெரியும். அதன்பிறகு பிரஷரை 0.2 பார் வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு பார் குறைத்தால் சுமார் 6 முதல் 7 சதவீதம் மின்சாரம் மிச்சம். கடைசி மெஷினில் இருக்கும் ஆபரேட்டர் “காற்று பத்தவில்லை” என்றால் உடனே செட்டிங்கை ஏற்றிவிடாதீர்கள். ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது அந்த மெஷினுக்குப் போகும் பைப் மெல்லியதாக இருக்கும்.

ஃபேனும் பம்பும் வால்வையோ டாம்பரையோ (காற்றுப் பாதையை மறைக்கும் தகடு) பாதி மூடி ஓடுகின்றனவா என்று பாருங்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். உயரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் அந்த அளவு கிடைக்காது. பாய்லர் இருந்தால், திரும்பும் கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து வரும் சுடுநீர்) சாக்கடைக்கு விடாமல் பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் வாட்டர் டேங்குக்குக் கொண்டுவாருங்கள்; ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் குறையும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மிஞ்சும் மின்தேவைக்கு சோலாரை அளவெடுங்கள். பேனல் வந்த பிறகு கரண்ட் பில்லை மட்டும் பார்த்தால் உபயோகம் குறைந்ததுபோலத் தோன்றும். வாங்கிய யூனிட்டோடு, சோலாரிலிருந்து உள்ளே எடுத்த யூனிட்டையும் கூட்டி, கணக்குத் தாளில் ஒரு தனிப் பத்தியில் எழுதி வாருங்கள். உற்பத்தி எடைக்கும் ஒரு பத்தி வேண்டும். ஆர்டர் கூடிய ஆண்டில் மொத்த டன் ஏறியிருக்கும். ஒரு டன் பொருளுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்பது இறங்கியிருக்கும். படிவத்தில் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மறைக்காதீர்கள்.

அடைத்த கசிவு சில மாதங்களில் திரும்பி வரும், ஏனென்றால் ஹோஸை மாட்டிக் கழற்றுவது நாள்தோறும் நடக்கும் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டாப்வாட்ச் சோதனையை இரண்டு பேர் கற்றுக்கொண்டு செய்யட்டும். ஒருவரே செய்தால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளோடு அதுவும் நின்றுவிடும். தேதியையும் சதவீதத்தையும் கம்ப்ரஸர் அறைச் சுவரில், கதவைத் திறந்ததும் தெரியும் இடத்தில் எழுதி வையுங்கள்.